கார் ஸ்கிரீனில் ஓட்டும்போதே பிரவுசர் திறக்கிறது, எப்படி நிறுத்துவது?

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் இருக்கிறோம். அண்ணன் வாடகைக் கார் ஓட்டுகிறார். போன மாதம் ஒரு கடையில் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் மாட்டினார். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி எண்பதில் போகும்போது, ஒரு கை ஸ்டீயரிங்கில், மறு விரலால் செய்திப் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் படிக்கிறார். பக்கத்தில் இருந்த எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். மூன்று நொடி கண்ணை எடுத்தால் 66 மீட்டர்! சொன்னால், "ஒண்ணும் ஆகாதுடா தம்பி" என்கிறார்.

இந்த ஸ்கிரீன்களில் ஹேண்ட்பிரேக்கோடு சேர்க்க ஒரு ஒயர் உண்டு. ஹேண்ட்பிரேக் போட்டால்தான் வீடியோ ஓட வேண்டும். மாட்டியவர் அதை ஹேண்ட்பிரேக்கில் சேர்க்காமல், நேரே வண்டியின் இரும்பு பாடியில் எர்த் கொடுத்திருக்கிறார். அதனால் வண்டி எப்போதும் நிற்பதாகவே ஸ்கிரீன் நினைத்துக்கொள்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது கையில் போன் வைத்துப் பயன்படுத்துவதும் ஆபத்தான ஓட்டுதல்தான். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல், பயன்படுத்தலாம். "இது கையில் இல்லையே, டேஷ்போர்டில்தானே இருக்கு" என்பது அண்ணன் வாதம்.

டேஷ்போர்டு ஸ்கிரீனுக்காக யாருக்காவது அபராதம் போட்டார்களா? அப்புறம், அந்த ஒயரை ஹேண்ட்பிரேக் சுவிட்சில் ஒழுங்காகச் சேர்த்து, வண்டி ஓடும்போது பிரவுசரும் திறக்காதபடி பூட்டித் தரும் நல்ல எலக்ட்ரீஷியன் வேலூர், சத்துவாச்சாரி பக்கம் இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி வீட்டில்தான் நிற்கும்.