பொருத்தி முடித்த குளியல் தொட்டியின் மட்டத்தைச் சரிசெய்ய முடியுமா?

கேள்வி:
வணக்கம். அக்ரிலிக் குளியல் தொட்டி ஒன்றைப் பொருத்தி, சுவரில் டைல்ஸ் ஒட்டி, ஓரங்களில் சிலிகானும் பூசி முடித்த பிறகுதான் குறையைக் கவனித்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டால், வடிகால் துளைக்கு எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் வடியாமல் தேங்கி நிற்கிறது. 1.5 மீட்டர் நீளத்தில் அந்தப் பக்கம் சுமார் 6 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. தொட்டியை வெளியே எடுக்காமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில் 1:
எந்த இடத்தில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. தொட்டியின் அடிப்பகுதியை வடிகாலை நோக்கிய சரிவுடனே வார்த்திருப்பார்கள் என்பதால், விளிம்பின் மேல் வைத்துப் பார்ப்பதே சரி. ஒருமுறை பார்த்தபின் ரசமட்டத்தை முனை மாற்றித் திருப்பி வைத்துப் பாருங்கள். குமிழி வேறு பக்கம் ஒதுங்கினால் பிழை கருவியில் இருக்கிறது. விளிம்பு மட்டமாக இருந்தும் தண்ணீர் தேங்கினால், அடியில் தாங்கல் இல்லாமல் தொட்டியின் வயிறு தொய்ந்திருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து வேறு.

கேட்டவர்:
விளிம்பில்தான் வைத்தேன், திருப்பி வைத்தும் அதே அளவு வந்தது. முன்பலகையைக் கழற்றிப் பார்த்ததில், மரையும் நட்டும் கொண்ட கால்கள் தெரிகின்றன. டைல்ஸுக்கும் விளிம்புக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளிதான் இருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் தாழ்ந்த பக்கத்தை உயர்த்தாதீர்கள். 3 மி.மீ. இடைவெளியில் 6 மி.மீ. உயர்த்த முயன்றால் விளிம்பு டைல்ஸில் முட்டி, ஏதாவது ஒன்று விரிசல் விடும். அடி வரிசை டைல்ஸை எடுத்தாலன்றி அது நடக்காது. மாறாக, உயர்ந்து நிற்கும் வடிகால் பக்கத்தின் கால்களைச் சிறிது சிறிதாகத் தாழ்த்துங்கள். அதற்கு முன் சிலிகானைக் கத்தியால் முழுவதும் அறுத்தெடுத்து, சுவரில் பிடித்திருக்கும் கவ்விகளையும் தளர்த்திவிட வேண்டும். அதைவிட முக்கியம், வடிகால் குழாயின் நட்டுகளையும், நிரம்பினால் நீர் வெளியேறும் மேல் துளையின் இணைப்பையும் தளர்த்துவது. இதை மறந்துவிட்டுத் தொட்டியை அசைப்பவர்கள் மட்டத்தைச் சரிசெய்து கசிவை வாங்கிக்கொள்கிறார்கள். அடியில் ஒழுகும் நீர் வெளியே தெரிய நெடுநாள் ஆகலாம்.

பதில் 3:
ஒரு காலை முழுவதும் இறக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாறி மாறி அரைச் சுற்று இறக்கி, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் மட்டம் பாருங்கள். எல்லாக் கால்களும் தரையில் அழுந்தி நிற்கின்றனவா என்று கையால் அசைத்துப் பார்த்தபின் பூட்டு நட்டை இறுக்குங்கள். மரச்சக்கைகளை அடியில் செருக வேண்டாம். ஈரத்தில் அவை உளுத்துப்போகும். விரிந்து உப்பும் நுரையும் ஆபத்தானதுதான், அது தொட்டியையே மேலே தள்ளிவிடக்கூடும்.

குழாய் இணைப்புகளை மறுபடி இறுக்கி, தொட்டியை நிரப்பிக் கசிவு பாருங்கள். அந்தத் தண்ணீரை வடிக்காமலேயே புதிய சிலிகானைப் பூசுங்கள். 200 லிட்டர் தண்ணீர் என்பது 200 கிலோ எடை. அந்தப் பாரத்தில் தொட்டி சற்று இறங்கி இடைவெளி அகலும்போது பூசினால்தான் பின்னாளில் சிலிகான் பிய்ந்து வராது. வடிகால் பக்கம் இடைவெளி 9 மி.மீ. வரை ஆகிவிடும் என்பதால், அங்கே முதலில் நுரைக்கயிறு ஒன்றைத் திணித்து, அதன்மேல் பூசுங்கள். சிலிகான் இறுக ஒரு நாளாவது விட்டு, பிறகு தண்ணீரை வடித்துவிடலாம்.