நேர்முக உதவியாளராகி நான்கு மாதங்கள்: வேலை தெரிகிறது, தைரியம் வரவில்லை

குன்னூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் தேயிலை வணிகம் செய்யும் நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் தட்டச்சராக இருந்த என்னை, சென்ற டிசம்பரில் நிர்வாக இயக்குநரின் நேர்முக உதவியாளராக மாற்றினார்கள். தட்டச்சில் முதுநிலையும் சுருக்கெழுத்தில் இளநிலையும் தேறியவள் என்பதால் கடிதம், கோப்பு, பயணச்சீட்டு, கூட்ட ஏற்பாடு ஆகியவற்றில் எனக்குப் பெரிய தடுமாற்றம் இல்லை. வாயைத் திறக்க வேண்டிய இடம் வந்தால்தான் சுருங்கிப்போகிறேன்.

ஐயா கடிதம் சொல்லும்போது ஒரு சொல் காதில் விழாவிட்டால் மறுபடியும் கேட்கத் தயங்கி, மேசைக்குத் திரும்பி, பழைய கோப்புகளைப் புரட்டி, இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதுகிறேன். தொலைபேசியில் யாராவது குரலை உயர்த்தி "அவரிடமே பேச வேண்டும்" என்றால், அவர் வேலையாக இருப்பது தெரிந்தும் இணைப்பைக் கொடுத்துவிடுகிறேன். மூத்த மேலாளர்கள் என் மேசையைக் கடந்து நேராக உள்ளே போகிறார்கள். எழுந்து வணக்கம் சொல்வதோடு என் பங்கு முடிந்துவிடுகிறது. வீட்டில் படுக மொழி பேசி, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதுவேன். பேச வேண்டும் என்றால் நா எழாது.

மார்ச் கடைசியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லண்டனில் உள்ள கொள்முதல்காரர் ஒருவரோடு திங்கள்தோறும் அவர்கள் நேரம் காலை 10 மணிக்கு ஐயா பேசுவது வழக்கம். குளிர்காலம் முழுவதும் அது நமக்குப் பிற்பகல் 3.30. முந்தைய நாள் ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் நம்முடைய 2.30 மணிக்கே காத்திருக்க, ஐயா தொழிற்சாலையில் இருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. "அடுத்த முறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. அன்றிலிருந்து எதையும் நான்கு முறை சரிபார்க்கிறேன், அப்படியும் நம்பிக்கை வரவில்லை. கோயம்புத்தூரில் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி ஒன்றில் சேரலாமா என்று யோசிக்கிறேன். கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தை நெருங்குகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கோத்தகிரி பெரியவர் எழுதியது:

அம்மா, முப்பத்தொரு ஆண்டுகள் இதே வேலையைச் செய்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மை நாடாவும் கார்பன் தாளும் இருந்த காலத்தில் தொடங்கினேன். கருவி மாறியிருக்கிறதே தவிர, அந்த மேசையில் உட்காருபவருக்கு வரும் பயம் மாறவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்ததும் தெரிந்தது.

மறுபடி கேட்கத் தயங்குவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதிலிருந்து முளைப்பவை. சுருக்கெழுத்து இளநிலைத் தேர்வில் நிமிடத்துக்கு 80 சொற்கள், முதுநிலையில் 120. தேர்வுக்கூடத்தில் வாசிப்பவர் திருப்பிச் சொல்ல மாட்டார் என்ற பழக்கம் நம் மனத்தில் ஊறிவிட்டதால், அலுவலகத்திலும் கேட்கக் கூடாது என்று நாமே ஒரு விதியை வைத்துக்கொள்கிறோம். மேலதிகாரியோ தேர்வாளர்போல அளந்து வாசிப்பதில்லை; சன்னலைப் பார்த்துக்கொண்டும், வேறொரு தாளைப் புரட்டிக்கொண்டும், பாதிச் சொல்லை விழுங்கியும் பேசுகிறார். கேட்பது உங்கள் குறை ஆகாது.

கேட்கும் விதத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அவர் முழுவதையும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும். அது அவருக்கு எரிச்சல். "கிலோவுக்கு 115 ரூபாய் என்று எழுதியிருக்கிறேன், சரிதானா ஐயா?" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் ஒரே ஓசையில் முடிபவைபோல் கேட்கும். நம் தொழிலில் 115-க்கும் 150-க்கும் இடையே 35 ரூபாய். ஆயிரம் கிலோ தூளுக்கு அது 35,000 ரூபாய். ஆகவே எண், பெயர், தேதி ஆகிய மூன்றையும் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன் வாசித்துக் காட்டிவிடுங்கள். நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒரு பழைய எழுத்தர் இதைக் கற்றுக்கொடுத்தார். ஓய்வுபெறும் நாள் வரை விடவில்லை.

லண்டன் நேரம் பற்றி. பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரம் முன்னால் போகும், அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னால் வரும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அவ்வாறே. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் என்பதால், இடைப்பட்ட சில வாரங்களில் எல்லாக் கணக்கும் குழம்பும். இந்த நான்கு ஞாயிறுகளையும் நாட்குறிப்பில் இப்போதே குறித்துவிடுங்கள். கணினி நாட்காட்டியில் பதியும்போது, கூட்டத்தை நடத்துபவரின் ஊரைத் தேர்ந்தெடுத்து அவர் நேரத்தில் பதிந்தால், மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அழைப்பில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள்; நீங்கள் தவறினாலும் அங்கே ஒருவர் கண்டுபிடிப்பார்.

நான்கு முறை சரிபார்ப்பதில் பயன் இல்லை, ஒரே கண் ஒரே பிழையை நான்கு முறையும் தாண்டிப்போகும். ஒரு முறை திரையில் பாருங்கள், அடுத்த முறை அச்செடுத்துக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். பயிற்சி வகுப்பைப் பற்றி என் கருத்து: அந்தப் பணத்துக்கு வீட்டில் ஒரு நல்ல ஹீட்டர் வாங்கலாம்.


கொடைக்கானல் தோழி எழுதியது:

பெரியவர் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஹீட்டரைத் தவிர. நான் இங்கே ஒரு தங்கும் விடுதிக் குழுமத் தலைவரின் நிர்வாக உதவியாளர். ஆங்கிலம் பேசும் வகுப்புக்கு மூன்று மாதம் போனேன். அங்கே கற்பித்த பாடம் எதுவும் நினைவில் இல்லை; ஆனால் வாரம் ஒரு முறை பத்துப் பேர் முன்னால் தப்பாகப் பேசி, சிரிப்பை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரமும் அதே இடத்துக்குப் போன பழக்கம் எனக்கு உதவியது. ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டாம் சகோதரி, உள்ளூரில் குறைந்த கட்டணத்தில் கிடைத்தால் போய்ப் பாருங்கள். அதுவரை, உங்கள் மேசையில் உண்மையில் தேவைப்படும் ஆங்கில வாக்கியங்களைக் குறித்துப் பாருங்கள். நான் குறித்தபோது நாற்பதுக்கு மேல் தேறவில்லை. அவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன், பேருந்து நிறுத்தத்தில்கூட.

தொலைபேசியில் "அவர் ஊரில் இல்லை" என்று பொய் சொல்லாதீர்கள். மலை ஊரில் அது அரை மணி நேரம் தாங்காது. அவரைக் கடைவீதியில் பார்த்தவரே அடுத்து அழைப்பார். "இப்போது பேச இயலாது. எதைப் பற்றி என்று சொன்னால், 4 மணிக்குள் நானே உங்களுக்குப் பதில் தருகிறேன்" என்று சொல்லுங்கள், 4 மணிக்குள் தவறாமல் அழையுங்கள், பதில் கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்று சொல்வதற்காகவாவது அழையுங்கள். மூன்றாவது முறையிலிருந்து அவர்கள் உங்களையே கேட்பார்கள்.

மேலாளர்கள் உள்ளே போவதை வாசலில் நின்று தடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். அந்த அதிகாரம் அறைக்கு உள்ளேயிருந்து வர வேண்டியது. தினமும் காலையில் உங்கள் ஐயாவிடம் கால் மணி நேரம் கேளுங்கள்: இன்று யார் யாரைப் பார்க்கிறார், யாரை எப்போது வேண்டுமானாலும் உள்ளே விடலாம், யாரை நாளைக்குத் தள்ளலாம். அவர் சொல்லிவிட்டால், நீங்கள் பேசுவது அவர் சொல்லாகிவிடும்.

எனக்குத் தைரியம் வந்த கதையையும் சொல்கிறேன், ஏனென்றால் அது வகுப்பில் வந்ததில்லை. 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. முதல் வாரத்தில் சென்னையிலிருந்து வந்த எங்கள் விருந்தினர்கள் சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு தலைவரை அழைத்துக் கோபப்பட்டார்கள். மறுவாரத்திலிருந்து, வருகிறவரின் வண்டி எண்ணை முன்கூட்டியே கேட்டு வாங்கி, பதிவு முடிந்ததா என்று முதல் நாள் மாலையே உறுதிசெய்து, மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், மண் சரிந்தால் பழனி வழிப் பாதையில் எவ்வளவு கூடுதலாகும் என்பதையும் ஒரே செய்தியில் அனுப்பத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் தலைவரின் நண்பர்கள் அவரை விட்டுவிட்டு என்னை அழைத்தார்கள். குன்னூரில் உங்களுக்கும் இதே வாய்ப்பு இருக்கிறது. கல்லாறு, பர்லியார் வழி அடைபட்டால் கோத்தகிரி வழி திறந்திருக்கிறதா என்பதைக் கோவை விமான நிலையத்தில் இறங்குகிறவர் கேட்பதற்கு முன்னால் சொல்லக்கூடியவர் அந்த அலுவலகத்தில் யார்?


மறுபக்கத்து மேசை எழுதியது:

ஊட்டியில் ஒரு சிறு நிறுவனத்தை நடத்துகிறேன். இதுவரை மூன்று உதவியாளர்களோடு வேலை செய்திருக்கிறேன். உங்கள் நிர்வாக இயக்குநர் திட்டாததற்கு நீங்கள் நினைக்கும் பொருள் இருக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளாக லண்டனோடு பேசி வருபவருக்குக் கடிகார மாற்றம் தெரியாமல் இருந்திருக்குமா? தமக்கும் அதில் பங்கு உண்டு என்று அவருக்கே பட்டிருக்கலாம். நான் உதவியாளரிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: கெட்ட செய்தி காலையிலேயே என்னிடம் வர வேண்டும். என்ன நடந்தது, இப்போது என்ன செய்திருக்கிறேன், இனி எதை மாற்றப்போகிறேன் என்று மூன்று வாக்கியம் போதும். மன்னிப்பு நான்காவது வாக்கியமாக வந்தால் வரட்டும்.

உங்கள் கை ஓங்கக்கூடிய ஓர் இடத்தையும் சொல்கிறேன். எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்களில் இயக்குநர் குழுக் கூட்ட வேலையில் பாதி உதவியாளர் தலையில்தான் விழும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது நான்கு கூட்டங்கள், இரண்டு கூட்டங்களுக்கு இடையே 120 நாள்களுக்கு மிகாத இடைவெளி, வழக்கமாக 7 நாள் முன்னறிவிப்பு (சில சிறிய நிறுவனங்களுக்குத் தளர்வு உண்டு, உங்கள் கணக்காயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). நடவடிக்கைக் குறிப்பு 30 நாளுக்குள் புத்தகத்தில் ஏற வேண்டும். என் இரண்டாவது உதவியாளர் இந்தக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தார். நான் வெளியூர்ப் பயணத்துக்காகக் கூட்டத்தைத் தள்ளச் சொன்னபோது, "தள்ளினால் 120 நாளைத் தாண்டுகிறது ஐயா, பயணத்தைத்தான் மாற்ற வேண்டும்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. நான் பயணத்தை மாற்றினேன்.

இன்னொன்று, சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். குன்னூரில் தரகரும் வாங்குபவரும் தொழிற்சாலைக்காரரும் ஒரே பேக்கரியில் வர்க்கி வாங்குகிறார்கள், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் உறவினர். தேயிலை ஏலத்துக்கு முன் உங்கள் நிறுவனம் எந்த விலைக்குக் கீழே கொடுக்காது என்பது உங்கள் மேசையைக் கடந்துதான் போகும். வீட்டில்கூடப் பேசாதீர்கள்.


குன்னூர்வாசி எழுதியது:

பெரியவருக்கும் அக்காவுக்கும் மறுபக்கத்து மேசைக்கும் நன்றி. பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். எண்களை வாசித்துக் காட்டத் தொடங்கிய மூன்றாம் நாள், நான் சரியாக எழுதியிருந்த ஒரு தேதியைக் கேட்டுவிட்டு, "நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று ஐயாவே திருத்தினார். கால் மணி நேரம் கேட்டேன், பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். தொலைபேசியில் இன்னும் குரல் நடுங்குகிறது, ஆனால் இணைப்பைக் கொடுப்பதில்லை. கோயம்புத்தூர் வகுப்பை விட்டுவிட்டேன்.

ஒரு மூத்த மேலாளர் மட்டும், காலைப் பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 11 மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார். ஐயாவிடம் அவரைப் பற்றிக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?


கோத்தகிரி பெரியவர் எழுதியது:

குறை சொல்ல வேண்டாம் அம்மா. நாளைக் காலையில் அந்தப் பத்து நிமிடத்திலேயே அவருக்கென்று ஒரு நேரத்தை ஐயாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு 10.30 மணிக்கு நீங்களே அவரை அழைத்து, "11.20 உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறது, எந்தக் கோப்பை எடுத்து வைக்கட்டும்?" என்று கேளுங்கள். முதல் வாரம் 11 மணிக்கே வருவார். வரட்டும், கோப்பை மட்டும் 11.20-க்கு எடுத்து வையுங்கள்.