பொருள்: மறு: ‘மின்சந்தை’ வேண்டாம், ‘இணையப்பேட்டை’ என்போம்

குழுமத்து அன்பர்களுக்கு வணக்கம். விற்பவர் பலரும் வாங்கும் நிறுவனங்கள் பலவும் கூடும் இணைய இடத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்ற நம் பேச்சைத் தொடர்கிறேன். அன்பர்கள் எழுதியதை மேற்கோளாகத் தந்து கீழே பதில் சொல்கிறேன்.

> தொழிற்சாலைகள் இணையத்தில் பொருள் வாங்கும் இடத்துக்கு ‘மின்சந்தை’ போதும். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் மின்சாரத்தையே மொத்தமாக ஏலத்தில் வாங்கி விற்கும் சந்தை பல நாடுகளில் நடக்கிறது. அதற்கு எந்தச் சொல்லை மிச்சம் வைப்போம்?

> ‘மின்னங்காடி’ என்றால் சிலப்பதிகார மணம் வீசும்.

வீசும், ஐயா. பகற்சந்தையான நாளங்காடியும் இரவுச் சந்தையான அல்லங்காடியும் எனக்கும் பிடித்தவைதான். இலங்கையிலோ அங்காடி வியாபாரி என்றால் நடைபாதையில் சீப்பும் சட்டையும் பரப்பி விற்பவர். இருநூறு வால்வுக்கு விலை கேட்கும் இடத்தை அந்தப் பெயரால் அழைத்தால் எங்கள் முதலாளி சிரிப்பார்.

திருகோணமலையில் கண்ணாடியிழைப் படகு கட்டும் ஒரு பட்டறையில் கொள்வனவுக் கணக்குப் பார்க்கிறேன். முன்பெல்லாம் போல்ட், வால்வு, தூரிகை, மணல்தாள் தீர்ந்தால் இரவு பஸ் ஏறி ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போவேன். பழைய சோனகத் தெருவில் ஒரு கடையில் இல்லாதது அடுத்த கடையில் இருக்கும். விற்பவர் பலர், வாங்குபவர் பலர், இடம் ஒன்று. இன்று திரையில் நடப்பதும் அதுதான்.

புறக்கோட்டைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? ‘பெட்டா’. நம்முடைய பேட்டையைத்தான் ஆங்கிலேயர் வாய் அப்படி ஆக்கியது. நாம் மட்டும் புறக்கோட்டை என்கிறோம்! வண்டிகளும் வணிகர்களும் கூடும் இடம் என்ற பழைய பொருள் அந்தச் சொல்லில் இருக்கிறது. கைத்தொழிற்பேட்டை என்று உற்பத்தியோடும் அது ஏற்கெனவே ஒட்டிக்கொண்டது. ஆகவே ‘இணையப்பேட்டை’ என்பது என் முன்மொழிவு. சென்னையில் பேட்டை என்றால் அடியாள் நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதுவார். சைதாப்பேட்டையில் குடியிருப்பவர்கள் அவருக்குப் பதில் சொல்லட்டும்.

எல்லாவற்றையும் இந்தச் சொல்லில் அடைக்கவும் கூடாது. ஒரே நிறுவனம் தன் பொருளை மட்டும் விற்றால் அது இணையக்கடை. 2000ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ், ஃபோர்ட், டைம்லர் கிறைஸ்லர் ஆகிய கார் நிறுவனங்கள் மூன்றும் கூடி, உதிரிப்பாகம் வாங்கத் தொடங்கிய கோவிசின்ட் என்ற இணைய இடம் இன்னொரு வகை. வாங்குபவரே இடத்துக்கும் சொந்தக்காரராக இருந்தால் தங்கள் விலையை நெரிப்பார்கள் என்று உதிரிப்பாகம் செய்தவர்கள் தயங்கினார்கள். 2004இல் அது கைமாறியது. அதைப் பேட்டை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ‘வாங்குவோர் களம்’ என்று தனியே பிரிக்கலாம்.

> இதனால் நிறுவனத்தின் செயற்றிறன் உண்மையில் கூடுகிறதா? அல்லது வெறும் நாகரிகமா?

ஆசிரியை அவர்கள் கேட்டது நல்ல கேள்வி. மலிவு விலையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். எங்கள் கணக்கில் அது இரண்டாவது. பொருள் எப்போது வரும் என்று தெரியாத காலத்தில் வேண்டியதைப் போல் மூன்று மடங்கு வாங்கி அடுக்குவோம். பணம் அலுமாரியில் துருப்பிடிக்கும். நாலு பேரின் விலையும் கையிருப்பும் அனுப்பும் நாளும் ஒரே பக்கத்தில் தெரிந்த பிறகு அந்த அடுக்கு குறைந்தது; அதுதான் முதல் லாபம். ஆனால் கண்ணாடியிழையை இறுக்கும் பிசினான ரெசினை மட்டும் இன்றும் பழைய முகவரிடமே வாங்குகிறோம். எங்கள் வெயிலில் அது நெடுநாள் தாங்காது, தரம் பிசகினால் படகின் உடலே வீணாகும். கடனும் அவர்தான் தருகிறார், திரை தராது.

வாங்கும் செயலுக்கு ‘இணையவழிக் கொள்வனவு’ என்றே இருக்கட்டும். தமிழகத்தாருக்குக் கொள்முதல் பழக்கம் என்றால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். எங்கள் அரச மடல்களிலோ, தேசிய பெறுகை ஆணைக்குழு என்ற பெயரில் இருப்பதுபோல், கொள்வனவுக்குப் ‘பெறுகை’ என்ற சொல் ஏறிவிட்டது. எனக்கு அது யாரோ இனாமாகக் கொடுத்ததைக் கைநீட்டி வாங்குவதுபோல் கேட்கிறது.

ஒன்று மீதம் இருக்கிறது. விற்பவர்கள் போட்டியிட்டு விலையை இறக்கிக்கொண்டே போகும் ஏலத்துக்கு என்ன சொல்? எங்கள் கரையில் மீனை ஏலம் கூறும்போது விலை ஏறும். இது இறங்குவதால் ‘இறங்குகூறல்’ என்று எழுதிப் பார்த்தேன். பட்டறைத் தம்பி ஒருவன் கூரையிலிருந்து யாரோ இறங்குகிறார்களா என்று கேட்டான். வேறு சொல் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள்.