பொருள்: ‘கேட்டஸ்ட்ரஃபைசிங்’ தமிழில்? (வெள்ளிக்குள்)

அன்பர்களே,
நாம் தமிழாக்குவது நாள்பட்ட வலிக்குச் சிகிச்சை பெறுவோர் நிரப்பும் 13 கேள்விப் படிவம், 1995இல் உளவியலாளர் சல்லிவன் குழு வகுத்தது. வலி எடுத்ததும் மனம் படுமோசமான முடிவுக்கே ஓடுவதை (அதுவே ‘கேட்டஸ்ட்ரஃபைசிங்’) அளக்கிறது. கேள்விக்கு 0–4, மொத்தம் 52. 30 வந்தால் கவனம் தேவை. முழங்கால் மூட்டு மாற்றிய பிறகும் வலி நீடிக்கக்கூடியவர்களை முன்னறிய உதவும். ‘மிகைப்படுத்தல்’ போதுமா?
– மொ.

> ‘மிகைப்படுத்தல்’ போதுமா?
போதாது. உள்ளே மூன்று கூறுகள்: அசைபோடல் (4 கேள்வி), மிகைப்படுத்தல் (3), கையறல் (6). கூறின் பெயரையே முழுமைக்கு வைத்தால் மதிப்பெண் தாள் குழம்பும். நோயாளிக்கோ, ‘நடிக்கிறாய்’ என்று சொன்னதுபோல் இருக்கும். குறளில் ‘இடும்பைக்கு இடும்பை படுதல்’ இருக்கிறதே! துன்பத்துக்காகத் துன்பப்படுவது. ‘இடும்பைப்படல்’ என்போம்.
– இள.

இன்று ‘இடும்பு’ என்றால் பிடிவாதம், ஐயா. ‘கேடெண்ணல்’?
– செ.

‘கெடுவான் கேடு நினைப்பான்’ கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிறருக்குத் தீங்கு நினைப்பதாகவே படும். ‘பேரச்சம்’ என்றும் வேண்டாம்: வலிக்குப் பயந்து அசையாதிருப்பதை அளக்க 17 கேள்வி டாம்பா அளவுகோல் தனியாக உண்டு. வீட்டில் சொல்வது ‘விபரீதமா கற்பனை பண்ணாதே’. ‘விபரீத எண்ணல்’ வைக்கலாம்.
– க.

வடசொல்! கையில் நல்ல தமிழிருக்க ஏன்?
– இள.

மூலத்தைப் பாருங்கள்: கிரேக்கச் சொல்லுக்குக் ‘கீழே திரும்பல்’, விபரீதத்துக்குத் ‘தலைகீழானது’. இரண்டும் கவிழ்வதுதான். ‘கையறல்’ பற்றித்தான் எனக்குத் தயக்கம். கையறுநிலை இறந்தவருக்கு இரங்கும் புறத்துறை.
– க.

எந்தச் சொல்லானாலும் தொழிற்பெயராக இருக்கட்டும், ‘-தன்மை’ கூடாது. இது பிறவிக்குணமல்ல, சிந்தனைப் பயிற்சியால் குறையும் பழக்கம். ஆளுமைக்கு மின்னசோட்டா வினாத்தொகுதி (இரண்டாம் பதிப்பில் 567 கூற்றுகள்) இருக்கிறது. அதிலும் உடல்நலக் கவலை, ஹிஸ்டீரியா அளவுகள் (1, 3) ஏறி மனச்சோர்வு அளவு (2) தாழ்ந்தால் உடனே ஆளுமைக் கோளாறு என்று படிக்கக் கூடாது: உடல்வலி, அசதி பற்றிய கூற்றுகளுக்கு நோயே ‘ஆம்’ சொல்லவைக்கும். இன்னொன்று, நம் வலிப் படிவத்தில் 0–3 அளவைச் சொல்கிறது, 4 மட்டும் ‘எந்நேரமும்’ எனக் காலத்தைச் சொல்கிறது. மொழிபெயர்ப்பில் ‘மிக மிக அதிகம்’ என்று சமன்செய்துவிடாதீர்கள்.
– மரு.

நன்றி. நோயாளி தாளில் ‘வலியும் எண்ணங்களும்’ என்ற தலைப்பு மட்டும். கையேட்டில் ‘விபரீத எண்ணல்’, நால்வர் ஒப்பினர். கையறல் அப்படியே.
– மொ.

என் மறுப்பைப் பதிவு செய்க. ‘இடும்பைப்படல்’ அடிக்குறிப்பிலாவது வரட்டும்.
– இள.