மறுமொழி: புனைமொழிகளில் மயிர், மக்கள் - சொற்பட்டியல்

நண்பர்களே,

புனைமொழிகள், அதாவது கதைகளுக்காகப் புதிதாய் உருவாக்கிய மொழிகள், பற்றிய கட்டுரையின் சொற்பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சிக்கலிலேயே நிற்கிறோம்: தமிழில் மயிர் என்பதா முடி என்பதா, மனிதர் அல்லாத கதைமாந்தரை மக்களாகக் கொண்டு உயர்திணையில் எழுதுவதா என்பது.

> மயிர் இன்று வசைச்சொல். முடி போதும்.

போதாது. எழுத்தாளர் டோல்கீன் தம் கதைகளுக்காக உருவாக்கிய சிந்தாரின் மொழியில், க்ளோர்ஃபின்டெல் என்ற ஆண் பாத்திரத்தின் பெயருக்குப் பொன்மயிரோன் என்று பொருள். அதைப் 'பொன்முடி' என்று போட்டால், அரசர்கள் நிறைந்த அந்தக் கதையில் வாசகர் கிரீடம் என்றுதான் எடுத்துக்கொள்வார். பொற்கூந்தல் என்றாலோ ஆண் பெண்ணாகிவிடுவான். நிகண்டுகள் ஆண்மயிருக்குக் குஞ்சி, பித்தை என்றும் பெண்மயிருக்குக் கூந்தல், அளகம் என்றும் பிரித்தே வைத்திருக்கின்றன. ஸ்டார் ட்ரெக் தொடரின் கிளிங்கான் மொழியில் வேறு சிக்கல்: தலையில் இருப்பது ஜிப், உடம்பில் இருப்பது பொப், அங்கே ஆண் பெண் பேதம் இல்லை. தலைமயிர், உடல்மயிர் என்றால் இரண்டும் சுலபமாக முடிந்துவிடும். "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா" என்று மானத்துக்கே உவமை சொன்ன மொழியில் (குறள் 969) இந்தச் சொல்லுக்கு நாம் ஏன் கூச வேண்டும்?

> மயிர், மை என்ற வேரிலிருந்து வந்தது, கருமைப் பொருள். பொன்மயிர் முரண்.

வேர் எதுவாகவும் இருக்கட்டும், நரைமயிர் என்று சொல்கிறோமே, அது முரணா? உரோமம் வடசொல் என்பதற்காக நான் அதை ஒதுக்கவில்லை, தலையில் இருப்பதை யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் டோல்கீனின் க்வெண்டி என்ற பெயர். குரலெடுத்துப் பேசுவோர் என்பது அந்தப் பெயரின் பொருள், அவர் கதைகளில் வரும் எல்ஃபுகள் என்ற மனிதர் அல்லாத இனத்தார் தங்களுக்கே வைத்துக்கொண்டது. "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே" என்ற தொல்காப்பிய நூற்பாவைக் காட்டி, இவர்கள் மனிதர் இல்லை, 'வந்தன' என்றே எழுதவேண்டும் என்கிறார் ஒருவர். அந்த நூற்பா வரும் கிளவியாக்கம் என்ற இயலிலேயே தெய்வப் பெயர்களும் உயர்திணைப் பால் ஏற்கும் என்று வருகிறது. நன்னூல் இன்னும் தெளிவாக "மக்கள் தேவர் நரகர் உயர்திணை" என்கிறது. நரகருக்கே இடம் உண்டு, பேச்சையே பெயராகக் கொண்டவர்களுக்கு இல்லையா? பேசுநர் என்றே வைப்போம், 'வந்தார்கள்' என்றே எழுதுவோம். இதற்கு யாரும் பெரிதாக மறுப்புச் சொல்லவில்லை.

சரி, மயிர் விஷயத்தில் பெரும்பாலோர் முடிக்கே கைதூக்கிவிட்டார்கள், எல்லாருக்கும் களைப்பு. பட்டியலில் முடி என்றே போகட்டும். க்ளோர்ஃபின்டெலுக்கு மட்டும் 'பொற்குஞ்சியன்' என்று போடுங்கள், 'பொன்முடி' வேண்டாம். பொப்புக்கு உடல்மயிர் என்பதை நான் விட்டுக்கொடுக்கவில்லை, என் மறுப்பை அடிக்குறிப்பில் சேர்க்கவும்.