ஜிம்னியின் முதுகில் இரண்டு சைக்கிள்: ஸ்டெப்னியா, கூரையா?

தேயிலைத்தடம் | சனி, காலை 7.10

எங்களிடம் ஐந்து கதவு மாருதி ஜிம்னி ஜீப் இருக்கிறது. வீட்டில் இரண்டு மலைச் சைக்கிள்கள். கணவருடையது 29 அங்குலச் சக்கரம், 14 கிலோ. என்னுடையது 27.5 அங்குலம், 13 கிலோ. மாதத்தில் இரண்டு ஞாயிறு கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி போகிறோம். தெரிந்தவரின் தேயிலைத் தோட்டத்தில் ஓட்ட அனுமதி உண்டு. கடைசி மூன்று கிலோமீட்டர் கல்லும் குழியும்தான்.

இதுவரை பின்சீட்டை மடித்து, முன்சக்கரங்களைக் கழற்றி, இரண்டையும் உள்ளே படுக்கவைத்துக் கொண்டுபோனோம். இப்போது ஒன்பது வயது மகளும் வருவேன் என்கிறாள். அவளுக்கு சீட் வேண்டும். சைக்கிள்கள் வெளியே போயாக வேண்டும்.

பின்கதவில் ஸ்டெப்னி தொங்குவதால், மற்றக் கார்களின் டிக்கியில் பட்டை கட்டி மாட்டும் கேரியர் இதில் உட்காராது. ஸ்டெப்னி போல்ட்டுகளிலேயே மாட்டும் கேரியர் ஒன்றை ஒரு கடையில் காட்டினார்கள். கணவர் கூரைதான் சரி என்கிறார். ஏற்றிக்கொண்டு ஓடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லாறு | சனி, காலை 8.02

ஸ்டெப்னி கேரியர்தான், யோசிக்கவே வேண்டாம். என் மஹிந்திரா தார் ஜீப்பில் இரண்டு வருடமாக அதுதான் இருக்கிறது. இடுப்பு உயரத்தில் தூக்கி மாட்டினால் வேலை முடிந்தது. வண்டியின் உயரம் கூடாது, பெட்ரோல் பங்க்கில் நிமிர்ந்து பார்த்துக் கவலைப்பட வேண்டாம். இரண்டு முறை வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு நட்டுகூடத் தளரவில்லை. ஒரே தொல்லை, தாரில் பின்கண்ணாடி மேல்நோக்கித் திறக்கும். சைக்கிள் மாட்டியிருந்தால் திறக்க முடியாது. உங்கள் ஜிம்னியில் கதவு முழுவதும் பக்கவாட்டில் திறப்பதால் அந்தத் தொல்லையும் இல்லை.

முறுக்குவிசை | சனி, காலை 9.15

கதவு பக்கவாட்டில் திறக்கும் என்பதுதான் தொல்லையே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டெப்னி சுமார் 20 கிலோ. அதன் மையம் கதவிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில், 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீல்களுக்கு அது கொடுக்கும் திருப்பம் 20 × 0.12, அதாவது 2.4. கேரியர் 7 கிலோ, சைக்கிள்கள் 27, மொத்தம் 34 கிலோ. இவை தொங்கும் இடம் கதவிலிருந்து குறைந்தது 45 சென்டிமீட்டர் பின்னால். 34 × 0.45 என்றால் 15.3. இரண்டையும் கூட்டினால் பழைய சுமையைப் போல ஏழு மடங்குக்கும் மேல். எடை மூன்று மடங்குகூட ஆகவில்லை, திருப்பம் மட்டும் ஏழு மடங்கு. கிணற்று ராட்டினத்தில் வாளியைக் கயிற்றோடு சேர்த்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இது வண்டி நிற்கும்போது. குழியில் இறங்கி ஏறும் கணத்தில் இதுவே இரண்டு மூன்று மடங்காகும். தார்ச்சாலையில் வருடத்துக்குச் சில தடவை நடப்பது, நீங்கள் சொன்ன அந்த மூன்று கிலோமீட்டரில் நிமிடத்துக்குப் பத்துத் தடவை நடக்கும். கல்லாறு ஏறிய வால்பாறைச் சாலை வளைவு நெளிவானதுதான், ஆனால் நல்ல தார்ச்சாலை.

கல்லாறு | சனி, காலை 9.41

காகிதத்தில் எல்லாக் கீலும் உடையும். துலே, யாக்கிமா போன்ற கம்பெனிகள் ஸ்டெப்னிக்கென்றே கேரியர் செய்து வெகுகாலமாக விற்கின்றன. அவர்களுக்குக் கணக்குத் தெரியாதா? கதவு மூடியிருக்கும்போது சுமையைக் கீல் மட்டும் தாங்குவதில்லை, எதிர்ப்பக்கப் பூட்டும் பிடித்துக்கொள்கிறது. சைக்கிளோடு கதவைத் திறக்காமல் இருந்தால் போதும்.

முறுக்குவிசை | சனி, காலை 10.05

பூட்டும் பிடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், நான் விட்டுவிட்டேன். ஆனால் மூன்று பேர் போகும் வண்டியில், உள்ளே சாப்பாட்டுக் கூடை இருக்கும்போது, கதவைத் திறக்காமல் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள்? அந்தக் கம்பெனிகளின் கேரியருக்கும் எடை வரம்பு உண்டு. அது கேரியரின் வரம்பு. கதவின் வரம்பை வண்டி செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

கூரைமேல் | சனி, பகல் 12.30

ஜிம்னியின் கூரை ஓரத்தில் பழைய ஜீப்புகளைப் போல மழைநீர் வழியும் விளிம்பு இருக்கிறதே, அதைப் பார்த்துமா இவ்வளவு பேச்சு? குறுக்குக் கம்பியின் பிடியை அந்த விளிம்பில் கவ்வவிட்டால் துளை போட வேண்டியதே இல்லை. நம்பர் பிளேட் தெரியும், விளக்கு தெரியும், பின்கதவு திறக்கும். பின்சக்கரம் வாரியடிக்கும் புழுதி சங்கிலிக்குப் போகாது. மண் பாதையில் பின்னால் தொங்கவிட்ட சைக்கிளின் கியரைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பாலக்காட்டுக்காற்று | சனி, பகல் 1.12

கூரைமேல் நண்பர் ஆடி மாதத்தில் வாளையார் பக்கம் கூரையில் சைக்கிள் ஏற்றிக்கொண்டு போனதில்லை போலிருக்கிறது. கணவாய் வழியே காற்று பக்கவாட்டில் அறையும். ஜிம்னி 1,200 கிலோ வண்டி, அகலம் 1.645 மீட்டர், உயரம் 1.72 மீட்டர். அகலத்தைவிட உயரம் கூடிய வண்டியின் தலையில் இரண்டு பாய்மரம் கட்டுகிறீர்கள். நான் ஒருமுறை போனேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தும் லாரியைத் தாண்டும்போதெல்லாம் அரை அடி நகர்ந்தது. இறங்கிய பிறகு மனைவி பேசிய பேச்சு காற்றைவிடப் பலமாக இருந்தது.

இன்னொன்று, கூரைக்கும் எடை வரம்பு உண்டு. ஐரோப்பாவில் விற்ற மூன்று கதவு ஜிம்னிக்கு அது 30 கிலோதான். வரம்பு என்றால் சைக்கிள் மட்டும் அல்ல. கம்பி, தட்டு எல்லாம் சேர்த்து. இரண்டு குறுக்குக் கம்பி 5 கிலோ, சைக்கிள் தட்டு தலைக்கு 4 கிலோ என்று வைத்தால் 13 ஆகிறது. உங்கள் 27 கிலோவைச் சேர்த்தால் 40. உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன எண் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கூரைமேல் | சனி, பகல் 1.40

தேயிலைத்தடம் போவது கோத்தகிரிக்கு, வாளையாருக்கு அல்ல. மலைப்பாதையில் முப்பது கிலோமீட்டர் வேகம். 30 கிலோ விஷயம் எனக்குப் புதிது. என் வண்டி ஜிம்னி அல்ல.

பின்சீட்டுவக்கீல் | சனி, மாலை 4.25

எல்லோரும் கிலோவைப் பேசுகிறீர்கள். நான் மீட்டரைப் பேசுகிறேன்.

29 அங்குலச் சைக்கிளில் சக்கர மையங்களுக்கு நடுவே ஏறக்குறைய 1.2 மீட்டர். அதோடு ஒரு சக்கரத்தின் விட்டம், முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மொத்த நீளம் 1.9 மீட்டரைத் தொடுகிறது. வண்டியின் உடம்பு 1.645 மீட்டர். பின்னால் குறுக்காகத் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் சேர்த்துக் கால் மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 194(1ஏ) பிரிவு, சுமை வண்டியின் பக்கத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது.

கல்லாறு | சனி, மாலை 4.50

அது கரும்பு லாரிக்கும் வைக்கோல் டிராக்டருக்கும் எழுதியது ஐயா. வைக்கோல் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு போகும்போது கேட்காதவர்கள் என் சைக்கிள் டயரைக் கேட்பார்களா? பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து அளந்தால் வண்டியே ஏறக்குறைய அவ்வளவு அகலம்தான்.

பின்சீட்டுவக்கீல் | சனி, மாலை 5.03

பிரிவின் வாசகம் லாரி என்று சொல்லவில்லை, மோட்டார் வாகனம் என்கிறது. அளக்கச் சொல்வது உடம்பின் பக்கத்தை, கண்ணாடியை அல்ல. கேட்பார்களா என்பது வேறு கேள்வி. கொண்டை ஊசி வளைவில் எதிரே வரும் பஸ் கேட்கும். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் நீளம் 1.6 மீட்டருக்குள் அடங்கிவிடும், சிக்கல் தீர்ந்தது. இரண்டு நிமிட வேலைக்கு ஏன் சோம்பல்?

நம்பர் பிளேட்டையும் பாருங்கள். ஜிம்னியில் பின்விளக்குகளும் நம்பர் பிளேட்டும் பம்பரில், கீழே இருக்கின்றன. ஸ்டெப்னி கேரியர் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் சக்கரம் கீழே தொங்காதபடி மாட்டினால் தப்பிக்கலாம்.

சட்டம்பார் | சனி, இரவு 8.18

என் பெயரைப் பார்த்து நானும் வக்கீல் என்று நினைக்க வேண்டாம்; வண்டியின் அடிச்சட்டத்தைச் சொல்கிறேன். ஜிம்னி ஏணிச் சட்டத்தில் கட்டிய வண்டி. சட்டத்தின் பின்முனையில் இழுவைக் கொக்கிக்கான சதுரக் குழாயைப் பொருத்தி, அதில் தட்டு கேரியரைச் செருகுங்கள். கீலும் வேண்டாம், கூரையும் வேண்டாம். சுமை நேராக இரும்புக்குப் போகிறது. முறுக்குவிசை இதற்கு என்ன சொல்கிறார்?

முறுக்குவிசை | சனி, இரவு 8.44

விசைக்கணக்கில் இதுதான் முதல் மதிப்பெண். ஆனால் நீங்கள் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. பின்விளக்குகள் பம்பரில் என்று வக்கீல் சொன்னாரே, கொக்கி கேரியர் அவற்றுக்கு நேர் முன்னால் உட்காரும். தனியாக விளக்குப் பலகை மாட்டாவிட்டால் மலையில் பனிமூட்டத்தில் நீங்கள் பிரேக் போட்டது பின்னால் வருபவருக்குத் தெரியாது. அடுத்தது, ஜிம்னியின் பெருமையே பின்பக்கம் 50 டிகிரி வரை சரிவில் இடிக்காமல் இறங்கும் என்பது. முக்கால் மீட்டருக்கு வால் வைத்தால் அந்தப் பெருமை போய்விடும். தோட்டத்து ஓடையில் முதல் இறக்கத்திலேயே தட்டு மண்ணை உழும்.

சட்டம்பார் | சனி, இரவு 9.10

தட்டை மேல்நோக்கி மடக்கலாம். சைக்கிளோடு மடக்க முடியாது என்று நீங்கள் எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

பின்சீட்டுவக்கீல் | சனி, இரவு 9.22

2017 டிசம்பரில் முன்பக்கக் காப்புக் கம்பிகளை அகற்றச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியதிலிருந்து, வண்டியில் வெல்டிங் செய்து எதை ஒட்டினாலும் சோதனைச் சாவடியில் பேச நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். எனக்கு நடந்தது. பட்டறையில் செய்த கொக்கி அது. வெல்டிங்கும் ஆறு மாதத்தில் விரிசல் விட்டது.

குட்டியானை | சனி, இரவு 10.01

பேசாமல் ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடித்து ஆறு சைக்கிள் ஏற்றிக்கொண்டு போங்கள். நாங்கள் அப்படித்தான் போகிறோம். டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தால் போதும். இன்னும் தைரியம் இருந்தால் மேட்டுப்பாளையத்தில் இறங்கி 33 கிலோமீட்டரும் மிதித்தே ஏறுங்கள்.

தேயிலைத்தடம் | ஞாயிறு, மாலை 6.35

எல்லோருக்கும் நன்றி. இன்று மலைக்குப் போகவில்லை, வீட்டு வாசலிலேயே சோதனை நடத்தினோம்.

தெருவில் ஒருவரிடம் ஸ்டெப்னி கேரியர் இரவல் வாங்கி மாட்டினோம். சைக்கிளுக்குப் பதிலாக 26 கிலோ அரிசி மூட்டை. (25 கிலோ வரை உள்ள பைக்கு வரி போட்டதும் ஊரெல்லாம் மூட்டை 26 கிலோ ஆனது, அந்த ஒரு கிலோ இப்படி உதவும் என்று யார் கண்டது.) மூடிய கதவில் எந்த அசைவும் இல்லை, கல்லாறு சொன்னது சரி. கதவைத் திறந்ததும் பூட்டுப் பக்க ஓரம் 5 மில்லிமீட்டர் இறங்கியது. மூடும்போது தூக்கிப் பிடித்து மூட வேண்டியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு மனம் வரவில்லை.

பிறகு அளவு நாடாவை எடுத்தோம். பின்சீட் பாதி பாதியாக மடங்கும். இடது பாதியை மடித்து, கணவரின் சைக்கிளில் இரண்டு சக்கரங்களையும் கழற்றி, ஹேண்டில் பாரைத் திருப்பி நிற்கவைத்தால் உள்ளே போகிறது. வலது பாதியில் மகள். என்னுடைய 13 கிலோ கூரைக்கு. கம்பியும் தட்டும் சேர்த்து 22. கையேட்டின் வரம்புக்குள் வருகிறது, பார்த்துவிட்டேன்.

கல்லாறு | ஞாயிறு, மாலை 7.00

5 மில்லிமீட்டருக்கா பயந்தீர்கள்? எந்தக் கதவும் கொஞ்சம் இறங்கும் அம்மா. கூரைக்கு ஒன்று, உள்ளே ஒன்று என்று ஞாயிறு காலையில் இரண்டு விதமாகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் கேரியரில் மாட்டிக் கல்லாற்றில் டீ குடித்துக்கொண்டிருப்பேன்.

முறுக்குவிசை | ஞாயிறு, மாலை 7.26

கூரையில் ஒன்று சரி. உள்ளே இருப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், குழந்தையின் பக்கத்தில் 14 கிலோ இரும்பு சும்மா நிற்கக் கூடாது. ஒரு மரப்பலகையில் முன்சக்கரக் கவையை (ஃபோர்க்) கவ்வும் பிடியைத் திருகி, சைக்கிளை அதில் பூட்டி, பலகையை மடித்த சீட்டின் சட்டத்தோடு பட்டை போட்டு இறுக்குங்கள். சங்கிலிப் பல்சக்கரம் அவள் பக்கம் பார்க்கக் கூடாது. கழற்றிய சக்கரங்களையும் கட்டுங்கள், அவையும் பறக்கும்.

ஹைட்ராலிக் பிரேக் என்றால் சக்கரம் கழற்றிய இடத்தில் பிரேக் கட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டைச் செருகிவிடுங்கள். உள்ளே உட்கார்ந்து போகும் ஒன்பது வயதுக் கை சும்மா இருக்காது. லீவரை ஒருமுறை அழுத்தினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு மலை உச்சியில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக்கொண்டிருப்பீர்கள்.

தேயிலைத்தடம் | ஞாயிறு, இரவு 8.05

பிளாஸ்டிக் துண்டு பெட்டியோடு வந்தது, எங்கோ தூக்கிப் போட்டுவிட்டோம். பழைய தபால் அட்டையை நான்காக மடித்துச் செருகியிருக்கிறேன். மகள் ஏற்கெனவே இரண்டு முறை லீவரை அழுத்திப் பார்த்துவிட்டாள். பலகை நாளை வாங்குகிறோம். கல்லாறு அண்ணா, அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு அந்த டீக்கடையில் இருப்பீர்கள் என்றால் உங்கள் கதவை நான் ஒருமுறை திறந்து பார்க்கலாமா? ஸ்கேல் கொண்டுவருகிறேன்.

கல்லாறு | ஞாயிறு, இரவு 8.31

வாருங்கள். சைக்கிளை இறக்கிவிட்டுத்தான் திறப்பேன்.