ஏஆர் திரைக்கண்ணாடியில் எழுத்து வேலை: மங்கும் மூலைகளும் மூன்று திரைகளும்

வைகைக்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். அடிக்கடி ரயிலில் பயணம் செய்கிறேன். மடிக்கணினியின் சிறிய திரையைக் குனிந்து பார்த்துக் கழுத்து வலிப்பதால், யூஎஸ்பி-சி கம்பி வழியே இணையும் ஏஆர் திரைக்கண்ணாடி (எதிரே தெரியும் காட்சியின் மேல் கணினித் திரையைக் கண்முன் காட்டும் மூக்குக்கண்ணாடி) ஒன்றை வாங்கினேன். பேர்ட்பாத் வகை (சாய்ந்த ஆடியும் குழி ஆடியும் சேர்ந்து படத்தைக் கண்ணுக்குத் திருப்பும் அமைப்பு), பார்வைக்கோணம் 46 பாகை, ஒவ்வொரு கண்ணுக்கும் 1920×1080 பிக்சல் கொண்ட மைக்ரோ ஓஎல்இடி திரை. படம் பார்ப்பதற்கு அருமையாக இருக்கிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் வாங்கியது படம் பார்ப்பதற்காக அல்ல.

என் சிக்கல்கள் இவை. திரையின் மேற்பாதி தெளிவாகத் தெரிகிறது. கீழ் இரு மூலைகளும் கலங்கலாக இருக்கின்றன. மெய்ப்பு பார்க்கும்போது ண, ன இரண்டையும் பிரித்தறியச் சிரமப்பட வேண்டியிருக்கிறது. சிறிது நேரத்திலேயே கண் சோர்ந்துவிடுகிறது. மூன்று திரைகளை அருகருகே காட்டும் மென்பொருளையும் நிறுவிப் பார்த்தேன். எழுத்து இன்னும் மோசமானதுதான் மிச்சம். கைப்பேசியில், கண்ணாடியுடன் வந்த கம்பியைச் செருகினால் படம் வருகிறது. கடையில் வாங்கிய நீளமான கம்பியைச் செருகினால் வருவதில்லை. வயது ஐம்பதை நெருங்குகிறது. தூரத்துக்கு மைனஸ் 1.00, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கலங்குவதைச் சரிசெய்யும் பவர்) மைனஸ் 0.75, வாசிப்புக்குக் கூடுதலாகப் பிளஸ் 1.50 என்று பவர் எழுதித் தந்திருக்கிறார்கள். எப்போதும் அணிவது, ஒரே லென்சில் மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாக மாறும் ப்ரோக்ரசிவ் கண்ணாடி. அதன் மேலேயே இதை மாட்டிக்கொள்கிறேன். இந்தக் கருவியை எழுத்து வேலைக்குப் பழக்க முடியுமா, அல்லது விற்றுவிடுவதே மேலா?

கண்ணொளி எழுதியது:

விற்க வேண்டாம். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலேயே முதல் சிக்கலுக்கான விடை இருக்கிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவதே என் வேலை என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஏஆர் திரை கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் அது கிட்டத்துப் பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் குழி ஆடியும் லென்சும் அந்தச் சிறு திரையின் பிம்பத்தைச் சில மீட்டர் தொலைவுக்குத் தள்ளி வைக்கின்றன. இவ்வகைக் கண்ணாடிகள் பலவற்றில் அது ஏறத்தாழ 4 மீட்டர். ஆகவே உங்கள் கண் அதைக் கூடத்தின் மறுகோடியில் இருக்கும் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோலவே பார்க்கிறது. வெள்ளெழுத்துக்கான பிளஸ் பவர் இங்கே தேவையே இல்லை. தேவையில்லை என்பதோடு, கெடுதலும் செய்கிறது. ப்ரோக்ரசிவ் லென்சின் மேற்பகுதி தூரத்துக்கும் கீழ்ப்பகுதி வாசிப்புக்கும் ஆனது. பிளஸ் 1.50 கூடுதலாக உள்ள கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கும்போது ஏறத்தாழ 67 சென்டிமீட்டருக்கு அப்பால் இருப்பது எதுவும் கூர்மையாகத் தெரியாது. திரையின் அடிப்பகுதியோ 4 மீட்டரில் நிற்கிறது. ப்ரோக்ரசிவ் லென்சின் கீழ்ப்பக்க ஓரங்களில் இயல்பாகவே இருக்கும் உருத்திரிபும் இதனுடன் சேர்ந்துகொள்வதால்தான், சொல்லிவைத்தாற்போல் கீழ் மூலைகள் இரண்டும் கலங்குகின்றன.

செய்ய வேண்டியது இதுதான். உட்புறம் பொருத்திக்கொள்ளும் சிறிய லென்ஸ் சட்டம் ஒன்று உங்கள் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த மாதிரிக்கென்றே தனியாகக் கிடைக்கும். அதில் தூரத்துப் பவரை மட்டும், அதாவது மைனஸ் 1.00 உடன் சிலிண்டர் மைனஸ் 0.75 ஐ அதன் அச்சோடு, சாதாரண ஒற்றைப் பவர் லென்சாகப் போடச் சொல்லுங்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தைக் கட்டாயம் அளக்கச் சொல்லுங்கள். சட்டம் சிறியது என்பதால் லென்சின் மையம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று சில கடைகளில் சொல்லக்கூடும், ஒத்துக்கொள்ளாதீர்கள். விட்யூர் (Viture) ப்ரோ, ரோகிட் மேக்ஸ் போன்ற சில மாதிரிகளில் திருகியே மைனஸ் பவரை வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அது கிட்டப்பார்வையைச் சரிசெய்யுமே தவிர, சிலிண்டர் பவரைச் சரிசெய்யாது. அதனால் உங்களுக்கு லென்ஸ் சட்டமே ஏற்றது.

சொந்தக் கண்ணாடியின் மேல் மாட்டும்போது ஏஆர் கண்ணாடி கண்ணைவிட்டுச் சில மில்லிமீட்டர் விலகி நிற்கும். அதனாலும் ஓரம் வெட்டுப்படும். லென்ஸ் சட்டம் வந்தபின் மூக்குத்தாங்கிகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பாருங்கள். மேல் விளிம்பு தெரியாவிட்டால் கண்ணாடி உங்களுக்குத் தாழ்வாக நிற்கிறது. கீழ் விளிம்பு தெரியாவிட்டால் உயரமாக நிற்கிறது. காதுப்பக்கக் காம்பின் சாய்வை மாற்றும் வசதி இருந்தால் அதையும் ஒரு படி மாற்றிப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் ஒவ்வோர் எழுத்தை வைத்துக்கொண்டு, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் நகர்த்தி நான்கையும் வாசிக்க முடிகிற நிலையே உங்களுக்கான நிலை.

உங்கள் கிட்டப்பார்வையில் ஒரு சலுகையும் இருக்கிறது. விசைப்பலகையைப் பார்க்க வேண்டுமானால் கண்ணாடியின் கீழ் இடைவெளி வழியாக வெறும் கண்ணால் பாருங்கள், மைனஸ் 1.00 உள்ள கண்ணுக்கு அந்தத் தொலைவில் உள்ள எழுத்து பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எழுத்துக்கோப்பான் எழுதியது:

மேலே அன்பர் சொன்னதைச் செய்த பிறகும் ண, ன சிக்கல் முழுதாகத் தீராது. அதற்குக் காரணம் கண் அல்ல, கணக்கு. 46 பாகை என்பது மூலைவிட்ட அளவு. அகலத்தில் அது ஏறத்தாழ 40 பாகைதான். 1920 பிக்சலை அதில் பரப்பினால் ஒரு பாகைக்கு 47 பிக்சல் அளவில் வருகிறது. குறையற்ற பார்வை ஒரு பாகைக்கு 60 பிக்சல் வரை பிரித்தறியும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே கண் கேட்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இந்தத் திரை கொடுக்கிறது. ஆங்கில எழுத்துகள் பலவற்றுக்கு இது போதும். தமிழிலோ ஒரே ஒரு சுழி கூடுதலாக இருப்பதுதான் ணகரத்தை னகரத்திலிருந்து பிரிக்கிறது. அந்தச் சுழியின் உள்வெளி ஒரு பிக்சலாகச் சுருங்கிவிட்டால் மெய்ப்புப் பார்ப்பவர் ஊகித்துத்தான் படிக்க வேண்டும். விண்டோசில் திரை அளவை 125 அல்லது 150 விழுக்காடாக வைத்துவிட்டு, ஆவணத்தையும் தனியே பெரிதாக்குங்கள். கோடுகள் மெலிந்த எழுத்துருவை விட்டு, தடிமன் சீராக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்தபின் அச்சுக்குரிய எழுத்துருவுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று திரை பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: எழுத்து வேலைக்கு அது வீண். மென்பொருள் எத்தனை திரைகளை உருவாக்கினாலும், உங்கள் கண் முன்னே இருப்பது அதே 1920×1080 பிக்சல் கொண்ட ஒரே சன்னல். மூன்றையும் ஒருசேரப் பார்க்கும்படி சுருக்கினால் ஒவ்வொன்றுக்கும் அகலத்தில் 640 பிக்சல்தான் கிடைக்கும். அதில் தமிழ் வாசிப்பதைவிட, ஒரே திரையைப் பெரிதாக வைத்துக்கொண்டு விசைகளால் சாளரம் மாற்றுவது மேல்.

பின்னணி வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கண்ணாடியில் கறுப்பு என்பது ஒளி இல்லாத இடம். அங்கே பின்னாலிருக்கும் உலகம் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை வைத்துக்கொண்டு புத்தக அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்தால், எழுத்தும் புத்தக முதுகுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வெறுஞ்சுவரைப் பார்த்து உட்காருங்கள், அல்லது முன்புறம் மூடும் உறையை மாட்டுங்கள். சில மாதிரிகளில் ஒரு பொத்தானை அழுத்தினாலே முன்கண்ணாடி கறுத்துவிடும். பேர்ட்பாத் அமைப்பில் உள்ளே சாய்வாக நிற்கும், ஒளியில் ஒரு பகுதியை மட்டும் திருப்பும் ஆடி, கீழிருந்து வரும் வெளிச்சத்தையும் கண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. அதனால்தான் வெள்ளைச் சட்டை அணிந்து வெயிலோரம் அமர்ந்தால் சட்டைப் பொத்தான்கள் வாக்கியத்தின் நடுவே மிதக்கும். அடர்நிறச் சட்டையோ மடியில் ஒரு கருந்துணியோ போதும். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் கண்சோர்வு குறைவதற்கு இது பெரிதும் உதவும்.

கம்பிக்காரன் எழுதியது:

மூன்று திரை வீண் என்பதை ஏற்கிறேன். இரண்டு வீண் என்று ஆகிவிடாது. மொழிபெயர்ப்பவருக்கு மூலம் ஒரு பக்கமும் பெயர்ப்பு ஒரு பக்கமும் வேண்டும். எக்ஸ்ரியல் ஒன் போன்ற, தலையசைவைக் கண்ணாடிக்குள்ளேயே கணிக்கும் சில்லு கொண்ட மாதிரிகளில், கணினிக்கு 3840×1080 அளவிலான ஒரே அகலத் திரையாகத் தோன்றும் முறை இருக்கிறது. எதையும் சுருக்காமல் தலையைத் திருப்பி இடப்பக்கம் மூலத்தையும் வலப்பக்கம் பெயர்ப்பையும் பார்க்கலாம். உங்கள் மாதிரியில் அது இல்லையென்றால் மென்பொருளில் இரண்டு திரைகளை மட்டும் வைத்து, முழு அளவில், தலையைத் திருப்பிப் பாருங்கள். லினக்ஸ் பயன்படுத்துவோருக்குப் பிரீசி டெஸ்க்டாப் என்ற திறந்தமூல மென்பொருள் இருக்கிறது.

கம்பிச் சிக்கலுக்கு வருவோம். இந்தக் கண்ணாடிகளுக்குப் படம், யூஎஸ்பி-சி துளை வழியே திரைக்காட்சியை அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற முறையில் வருகிறது. கைப்பேசி, கம்பி இரண்டுமே அதற்கு ஒத்துழைக்க வேண்டும். சார்ஜ் செய்வதற்காக விற்கப்படும் கம்பிகள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 வகை, அவற்றில் படத்தைக் கொண்டுசெல்லும் இழைகளே இருப்பதில்லை. நீளமான கம்பி வேண்டுமானால் யூஎஸ்பி4 அல்லது தண்டர்போல்ட் என்று தெளிவாகக் குறித்திருப்பதை வாங்குங்கள். உங்கள் கைப்பேசி தப்பித்துவிட்டது. ஐபோனில் 15 ஆம் வரிசை முதலும் கூகுள் பிக்சல் கைப்பேசியில் 8 ஆம் வரிசை முதலும் இந்த வசதி உண்டு. நடுத்தர விலைக் கைப்பேசிகள் பலவற்றில் சி வடிவத் துளை இருந்தும் படம் வராது. சாம்சங் எஸ் வரிசை வைத்திருப்போர் கைப்பேசித் திரையின் வெறும் பிரதிபலிப்பை விட்டு, கணினிபோலக் காட்டும் டெக்ஸ் முறைக்கு மாறினால் திரை முழுவதும் நிறையும். சிறிய விசைப்பலகை ஒன்று இருந்தால் மடிக்கணினியை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

கண்ணாடிக்குள் மின்கலம் கிடையாது. மின்சாரத்தைக் கைப்பேசியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நெடும்பயணத்தில் படத்தைக் கடத்திக்கொண்டே சார்ஜும் ஏற்றும் பிரிப்பான் தேவைப்படும். வாங்கும்போது, கண்ணாடி செருகும் யூஎஸ்பி-சி துளையில் படம் வருமா என்று கேட்டு வாங்குங்கள்; இப்படிப்பட்ட பல பிரிப்பான்களில் அந்தத் துளை தரவுக்கு மட்டுமே.

ரயிலைப் பற்றி முக்கியமானது ஒன்று. திரையை வெளியில் ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் முறையை வண்டியில் பயன்படுத்தாதீர்கள். கண்ணாடிக்குள் இருக்கும் உணரிக்கு உங்கள் தலை திரும்பியதா, வளைவில் ரயில் திரும்பியதா என்று தெரியாது. வண்டி வளையும்போது திரையும் மெல்ல நழுவிச் சன்னல் பக்கம் போய்விடும்; அதைத் துரத்திக் கண் ஓடினால் குமட்டல் வரும். தலையோடு சேர்ந்தே நகரும் சாதாரண முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். இரண்டு திரை வேலையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரையான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ப்ரோக்ரசிவ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பழைய தூரத்துக் கண்ணாடியின் மேல் மாட்டிப் பார்த்தேன். கீழ் மூலைகள் உடனே தெளிந்துவிட்டன. லென்ஸ் சட்டத்துக்குச் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஓர் ஐயம் மட்டும்: வேலைக்கு நடுவே காகிதத்தில் அச்சான மூலப்படியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

கண்ணொளி எழுதியது:

காகிதத்தை மடியில் வைக்காமல், கண்ணாடியின் கீழ் இடைவெளி வழியாகத் தெரியும்படி விசைப்பலகைக்கும் உங்களுக்கும் நடுவில் சிறு சாய்தாங்கியில் வையுங்கள். வெறும் கண்ணால் நெடுநேரம் வாசிக்கச் சிரமமாக இருந்தால் லென்ஸ் சட்டத்தில், கீழ்ப்பகுதியில் வாசிப்புப் பவர் உள்ள பைஃபோகல் போடலாமே என்று தோன்றும். வேண்டாம், பழைய சிக்கல் திரும்ப வந்துவிடும். மூலப்படியைக் கைப்பேசியில் படமெடுத்துத் திரைக்குள்ளேயே கொண்டுவந்துவிடுவது எல்லாவற்றையும்விட எளிது.